அசையாத இடது கை

அந்த டீச்சரை நினைத்தால் முகம் வருவதற்கு முன்னால் அவளுடைய இடது கைதான் என் கண்ணில் வருகிறது. சுண்டுவிரல் பியானோவின் ஒரு கட்டையிலும் பெருவிரல் இன்னொரு கட்டையிலும் ஊன்றியிருக்கும். நடுவிலுள்ள மூன்று விரல்களும், கொதிக்கிற பாத்திரத்தில் பட்டுவிடக் கூடாது என்பதுபோல் தூக்கியே நிற்கும். வலது கை தன் இஷ்டத்துக்கு ஓடும், திரும்பும். சில சமயம் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் இல்லாத ஒரு ஸ்வரத்தைத் தேடிக்கொண்டு ஒரே இடத்தில் நடுங்கும். இடது கை மட்டும் முளையடித்ததுபோல் இருந்த இடத்திலேயே இருக்கும். செம்பூரில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த பள்ளியில், மாலையில் பிள்ளைகள் போன பிறகு, பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்ட கூடத்தில், அவள் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து அந்தக் கையை நகர்த்தச் சொல்லி நான் கெஞ்சியிருக்கிறேன், அதட்டியிருக்கிறேன், ஒருநாள் பென்சிலால் தட்டியும் இருக்கிறேன். அவள் சிரிப்பாள். கை நகராது.

பள்ளியில் அவளுக்குப் பெயர் மாட்டுங்கா டீச்சர். நான் தாராவியிலிருந்து வந்தவள். ஆனால் என்னை யாரும் தாராவி டீச்சர் என்று அழைக்கவில்லை. ஊர்ப்பெயர் சிலருக்குப் பட்டம், சிலருக்கு வசவு. அதனால் என்னைப் பாடத்தின் பெயரால் கணக்கு டீச்சர் என்றார்கள். அவள் மட்டும் பின்னாளில் டீச்சரையும் உதிர்த்துவிட்டுக் ‘கணக்கு’ என்றே கூப்பிட்டாள். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவள். பேசும்போது நான் ‘நீங்க’ என்றுதான் சொல்வேன். மனதுக்குள் அவள் ‘அவள்’தான்.

நாங்கள் இருவருமே தற்காலிகம். அதற்கு முன்பு பியானோ வாசித்துக்கொண்டிருந்த கோவாக்கார டீச்சர் கல்யாணமாகிக் கப்பலேறிப் போய்விட்டார். பியானோ இல்லாமல் பிள்ளைகள் காலைப் பிரார்த்தனை பாடுவது பெரிய மேடத்துக்குச் சகிக்கவில்லை. பெரிய மேடம் என்பது எங்கள் தலைமையாசிரியை. ஞாயிற்றுக்கிழமைகளில் தன் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். ஒருநாள் எங்கள் இருவரையும் அறைக்கு அழைத்து உள்ளதை உள்ளபடி சொன்னார். நிரந்தரமாக்குவதற்கு ஓர் இடம்தான் இருக்கிறது. பரிசளிப்பு விழாவுக்கு முன்னால் பிரார்த்தனைப் பாட்டை இரண்டு கையாலும் சரியாக வாசிக்கிறவருக்கு அந்த இடம். மற்றவர் ஏப்ரலோடு போய்விட வேண்டியதுதான். பாட்டு ஜி மேஜரில் இருக்கிறது, ஒரு மேஜர் கீயின் குணத்தைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் பழக்கம்தான் என்று ஒரு மெல்லிய புத்தகத்தை மேஜைமேல் வைத்தார். இரண்டு பேருக்கு ஒரே புத்தகம், ஒரே பியானோ. போட்டியாளர்களை அவர் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார் என்பது அவருக்கே தோன்றியிருக்காது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை உள்ளிருந்து பார்த்த முதல் ஆள் நான். இதைப் பணிவோடு சொல்ல எனக்கு வராது. ஏழாவது வரை முனிசிபல் தமிழ்ப் பள்ளி, பிறகு மாட்டுங்காவில் உயர்நிலைப் பள்ளி, பிறகு ஆசிரியர் பயிற்சி. தாராவியில் எங்கள் சாலில், அந்த வரிசை வீடுகளுக்குப் பொதுவான தண்ணீர்க் குழாயடிக்கு நான் போனால் ‘டீச்சரம்மா வருதாவ’ என்று பெண்கள் குடத்தை நகர்த்தி வழிவிடுவார்கள். வேலை போனால் அந்த வழியும் மூடிவிடும். குடத்தோடு மறுபடி வரிசையில் நிற்பதில் எனக்குச் சிரமமில்லை. அவர்கள் என்னைப் பார்த்து இரக்கப்படுவதைத்தான் என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை.

அன்று வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷெட்டில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். பம்பாயில் எத்தனை வருஷம் இருந்தும் அவருடைய பேச்சு மட்டும் ரயிலேறவில்லை.

“ஜி மேஜர் படிக்கணும்ப்பா. அது தெரிஞ்சாத்தான் வேலை நிக்கும்.”

“மேஜர்ஜியா? பட்டாளத்துக்காரரு சின்னப் பிள்ளைய பள்ளிக்கூடத்துக்கு எதுக்குட்டி வாராரு?”

“ஆளு இல்லப்பா, அது பாட்டு. மேஜர்னு ஒண்ணு இருக்கு, மைனர்னு ஒண்ணு இருக்கு.”

“மைனரு வேறயா!” அப்பா சோற்றுக் கையோடு அம்மா பக்கம் திரும்பினார். “ஏளா, கேட்டியா? மேஜர் பட்டாளத்துல கெடப்பான். மைனரு கழுத்துல சங்கிலியப் போட்டுக்கிட்டு சும்மா திரிவான். ரெண்டு பயலுக்கும் அங்கன என்ன சோலி?”

அம்மா சிரித்தாள். தம்பிகள் சிரித்தார்கள். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது. என் வேலையைப் பற்றிப் பெருமைப்பட அவர்களுக்குத் தெரியும். என்ன வேலை என்று கேட்கத் தெரியாது. பள்ளியின் ஆசிரியர் அறையிலோ வேறு மாதிரி. அங்கே சிந்தி டீச்சரும் கோவா டீச்சர்களும் இங்கிலீஷில் பேசிச் சிரிப்பார்கள். எனக்கு எல்லாம் புரியும். ஆனால் நான் சிரிப்பதற்குள் அவர்கள் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார்கள். படிப்பு என்னை வீட்டிலிருந்து வெளியே கொண்டுவந்துவிட்டது, வேறெங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை என்று அப்போது தோன்றியது. அந்த இரண்டுக்கும் நடுவில் எனக்கு இருந்த ஒரே இடம் அந்தப் பியானோ முன்னால் போட்ட பெஞ்சு.

எனக்குச் சங்கீதம் சுத்தமாகத் தெரியாது. ஆகவே புத்தகத்தைக் கணக்காகப் படித்தேன். மேஜர் கீ என்பது ஓர் இடைவெளி வரிசை என்றது புத்தகம். பக்கத்துக் கட்டைக்குப் போனால் அரை, ஒன்றைத் தாண்டிப் போனால் முழுசு. கறுப்புக் கட்டையும் கணக்கில் சேரும். முழுசு, முழுசு, அரை, முழுசு, முழுசு, முழுசு, அரை. எந்தக் கட்டையில் தொடங்கினாலும் இந்த வரிசை மாறக் கூடாது. சி என்ற கட்டையில் தொடங்கிப் பார்த்தேன். எல்லாம் வெள்ளையிலேயே விழுந்தது. ஜியில் தொடங்கிப் பார்த்தேன். ஆறு ஸ்வரம் வரை வெள்ளையில் போனது, ஏழாவதில் கணக்கு இடித்தது. முழுசு வேண்டிய இடத்தில் அரைதான் இருந்தது. அடுத்த கறுப்புக் கட்டைக்கு ஏற்றினேன். வரிசை சரியாகிவிட்டது. அந்தக் கறுப்பு அழகுக்காக வந்ததில்லை. வீட்டை இடம் மாற்றிக் கட்டினால் படிகளையும் சரி பார்த்து மாற்ற வேண்டுமே, அதற்காக வந்தது. யாரும் சொல்லித்தராமல் இதைக் கண்டுபிடித்த அந்த நிமிஷம் எனக்கு உலகமே கைக்குள் வந்ததுபோல் இருந்தது.

“டீச்சர், பிடிச்சிட்டேன்! இங்க பாருங்க” என்று ஒவ்வொரு கட்டையாக அமுக்கிக் காட்டினேன்.

அவள் கேட்டாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ஒரே மூச்சில், அதே எட்டுப் படிகளையும் ஏறி இறங்கினாள். கூடத்தின் மூலையில் பெருக்கிக்கொண்டிருந்த ஆயா துடைப்பத்தை நிறுத்திவிட்டாள்.

“இது சங்கராபரணம்டீ. அஞ்சு கட்டை, என்னோட சுருதி. எட்டு வயசுலேர்ந்து பாடிண்டிருக்கேன். நீ இதைக் கூட்டல் போட்டா கண்டுபிடிச்சாய்? சிவ சிவா!”

“நீங்க பாடுறதுக்கு முன்னால யாராவது கூட்டல் போட்டிருப்பாங்க.”

“வாய் மட்டும் குறைச்சல் இல்லை, கேட்டியோ.”

ஆர்மோனியத்தில் சி ஒன்றாம் கட்டை என்றால் ஜி ஐந்தாம் கட்டை. மாட்டுங்காவில் ஒரு பெண்ணின் குரலை ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை என்று சொல்வார்களாம். எங்கள் பக்கத்தில் கட்டை என்றால் அடுப்புக்கு விறகு. இல்லாவிட்டால் ‘இந்தக் கட்டை வேகுற மட்டும்’ என்று அப்பா தன்னையே சொல்லிக்கொள்வது. இதைச் சொன்னபோது அவள் சிரித்துச் சிரித்துப் பெஞ்சிலிருந்து சரிந்துவிட்டாள். “அப்போ நான் அஞ்சு விறகு!” என்றாள். அவளுக்குக் காது இருந்தது, எனக்குக் கணக்கு இருந்தது. ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவருக்குச் சொல்லிக்கொண்டோம். ஒரே இடத்துக்காகப் போட்டி போடுகிறோம் என்பது இருவருக்கும் நினைவிருந்தது. ஆனால் அந்த நேரத்தில் பேச வேறு ஆள் இல்லாத இரண்டு பேருக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை.

வீட்டுக்குப் போவதும் சேர்ந்துதான். செம்பூரில் ஏறிக் குர்லாவில் மாறுவோம். சயானில் நான் இறங்குவேன், அடுத்தது மாட்டுங்கா, அவள். கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு அவள் என் பேச்சைத் திருத்துவாள். “வாரேன் இல்லடீ, வரேன்.” நான் விடமாட்டேன். “நீங்க வரிக்கு வரி ‘கேட்டியோ’ங்கீங்க, நான் கேட்டுக்கிட்டுத்தானே வாரேன்?” பக்கத்தில் நிற்கிற மராத்திப் பெண்கள் எங்கள் இருவர் பேசுவதும் ஒரே பாஷையா என்பதுபோல் பார்ப்பார்கள். ஒரு ஸ்டேஷன் தூரத்தில்தான் இருந்தோம். அவள் என்னை வீட்டுக்கு அழைத்ததில்லை, நானும் அவளை அழைத்ததில்லை. ஏன் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை, கேட்காமலே தெரியும்.

வலது கையில் பாட்டு வந்தபின் இடது கைக்கு வந்தோம். அங்கேதான் தகராறு. பிரார்த்தனைப் பாட்டுக்கு இடது கையில் மூன்று இடங்கள். முதலில் ஜி, அதுதான் வீடு. அங்கிருந்து சிக்குப் போக வேண்டும், பிறகு டிக்கு, பிறகு வீட்டுக்குத் திரும்ப வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் மூன்று கட்டைகளைச் சேர்த்து அமுக்கினால் பாட்டுக்குக் கீழே தரை நகர்வதுபோல் இருக்கும். டியில் நிற்கும்போது பாட்டு அந்தரத்தில் நிற்கும். காது வீட்டைக் கேட்கும். ஜிக்குத் திரும்பியதும் அப்பாடா என்று இருக்கும். மேஜர் கீயின் குணமே இந்தப் போய்வருதல்தான் என்று எனக்குப் புரிந்தபோது அவளிடம் ஆசையாகச் சொன்னேன். அவள் முகம் சுளித்தாள்.

“சுருதியை நகர்த்தறதா? சுருதிதான் மாதான்னு சொல்லுவா. ரயில் போயிண்டிருக்கறச்சே அம்மாவை நடு ஸ்டேஷன்ல இறக்கி விட்டுட்டு, அப்பறமா ஏத்திக்கிறேன்னு சொல்ற மாதிரி இருக்கு.”

“திரும்பி வந்து ஏத்திக்கிடுறோமில்ல?”

“அதுவரைக்கும் அவ எங்கேடீ நிப்பா?”

அவள் இடது கை ஸ, ப என்று ஜியிலும் டியிலும் இரண்டே விரலை ஊன்றிக்கொள்ளும். அது தம்பூரா. தம்பூரா பிடித்துப் பழகிய கைக்கு வேறு வேலை இருக்கிறது என்பதே விளங்கவில்லை. பாட்டில்லாமல் இடது கையை மட்டும் தனியாக வாசிக்கச் சொன்னால் ஜி, சி, டி, ஜி என்று பிழையில்லாமல் போடுவாள். வலது கை சேர்ந்ததும் இடது கை ஓடிப்போய் வீட்டில் உட்கார்ந்துவிடும். நான் தட்டிய பென்சிலைப் பிடுங்கி அவள் தன் கொண்டையில் செருகிக்கொண்டாள்.

அந்த வேலை எனக்கு வேண்டியதைவிட அவளுக்கு அதிகம் வேண்டியிருந்தது. அதை அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை. அவளுக்கு எல்லாமே சிரிப்பாகத்தான் வரும். வீட்டில் அவளைப் பெண் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். வருகிறவர்கள் எல்லோரும் பாடச் சொல்வார்களாம். பாடுவாளாம். பஜ்ஜியைத் தின்றுவிட்டு, போய் எழுதுகிறோம் என்று போவார்களாம். “பாட்டே பிடிக்காம போயிடுமோன்னு பயமா இருக்குடீ” என்று ஒருநாள் குர்லா பாலத்தில் நடக்கும்போது சொன்னாள். “வேலை பர்மனென்ட் ஆச்சுன்னா அப்பாகிட்ட கல்யாணத்துக்கு ரெண்டு வருஷம் தவணை கேப்பேன். தரேன்னு சொல்லிட்டார். பியானோ வாசிச்சா நல்லது, எவனும் பொண்ணு பாக்கறச்சே பியானோ வாசிக்கச் சொல்லமாட்டான்.” நான் சிரித்தேன். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, எங்களில் யார் ஜெயித்தாலும் மற்றவர் எதை இழப்பார் என்பது.

ஆனாலும் நான் விட்டுக்கொடுக்க நினைக்கவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை. விட்டுக்கொடுத்திருந்தால் எனக்கு முன்னால் அவள்தான் கோபப்பட்டிருப்பாள்.

பெரிய மேடம் கேட்ட அன்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூடத்தில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். முதலில் நான். என் வாசிப்பில் இனிமை இருந்திருக்காது. மரம் அறுக்கிறவள் மாதிரி தோளை உயர்த்திக்கொண்டு, உதட்டுக்குள் கணக்குச் சொல்லிக்கொண்டு வாசித்தேன். ஆனால் சிக்குப் போக வேண்டிய இடத்தில் சிக்குப் போனேன், டிக்குப் போக வேண்டிய இடத்தில் டிக்குப் போனேன். பிள்ளைகள் மூச்சு விட வேண்டிய இடத்தில் மூச்சு விட்டுப் பாடி முடித்தார்கள். பிறகு அவள் உட்கார்ந்தாள். பாட்டுக்கு முன்னால் வலது கையால் மெல்ல ஒரு சுற்று வாசித்தாள். பெரிய மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். முன்வரிசையில் ஒரு பெண்குழந்தை வாயைப் பிளந்துகொண்டு நின்றது. போயிற்று, இடம் அவளுக்குத்தான் என்று நினைத்தேன். அப்படி நினைத்தபோது வருத்தத்தோடு கூடவே ஒரு பெருமையும் வந்தது, என்னுடைய சிநேகிதி என்று.

பிள்ளைகள் பாடத் தொடங்கினார்கள். இரண்டாம் வரியின் கடைசியில் தரை டிக்கு நகர வேண்டும். அந்த ஓசையைக் கேட்டுத்தான் பிள்ளைகள் நிறுத்தி மூச்செடுப்பார்கள். அவள் கை ஜியிலேயே இருந்தது. பாதிப் பிள்ளைகள் நின்றார்கள், பாதிப் பிள்ளைகள் அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள். மூன்றாம் வரி இரண்டாகக் கிழிந்தது. யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். பெரிய மேடம் கையை உயர்த்தி, மறுபடி என்றார். மறுபடியும் அதே இடம், அதே கிழிசல். நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மனதுக்குள் கத்தினேன், நகர்த்துங்க, நகர்த்துங்க என்று. சுண்டுவிரலும் பெருவிரலும் அசையவில்லை. பெரிய மேடம் அன்பாகத்தான் சொன்னார்: உங்கள் விரல்கள் மிக அழகு, ஆனால் நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்கிறீர்கள், பிள்ளைகளுக்குப் போக வழியில்லை.

அன்றும் சேர்ந்துதான் ரயிலேறினோம்.

“நகர்த்தணும்னுதான்டீ உக்காந்தேன்” என்றாள். “பாட்டு வந்துடுத்து. பாட்டு வந்தா கை எனக்குக் கேக்கமாட்டேங்கறது.” சற்றுக் கழித்து, “மூஞ்சியை ஏன் தூக்கி வெச்சிண்டிருக்காய்? சந்தோஷப்படு, கணக்கு. நீ கஷ்டப்பட்டு வாங்கினதாக்கும்.”

“சந்தோஷமாத்தான் இருக்கேன்” என்றேன். அது பொய் இல்லை. சயான் வந்தது, இறங்கினேன். ரயில் நகரும்போது ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து அவள் கையை ஆட்டினாள். வீட்டில் அப்பா சால் முழுவதும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். மேஜர்ஜி மனசு வைத்துவிட்டார் என்று எல்லோரிடமும் சொன்னார்.

இப்போது நான் நிரந்தரம். தினமும் காலையில் ஜி மேஜரில் பிள்ளைகளைப் பாட வைக்கிறேன். தோளை உயர்த்தாமல் வாசிக்கிறேன், கணக்குச் சொல்வதில்லை, கை தானாக வெளியே போய்த் தானாக வீடு திரும்புகிறது. மேஜர் கீ மகிழ்ச்சியானது, மைனர் கீ சோகமானது என்று அந்தப் புத்தகத்தில் அச்சடித்திருக்கிறது. பிள்ளைகள் பாடும்போது அது உண்மைதான். மாலையில், கூடம் காலியானபின், அதே பாட்டை மெதுவாக வாசித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை, ஆனாலும் அது வேறெதையோ சொல்கிறது. வீடு திரும்பியதும் வருகிற அந்த அப்பாடாவைக் கேட்கப் பக்கத்தில் ஒருவர் இருந்தால்தான் மேஜர் மகிழ்ச்சியாக இருக்கும்போல. எங்கள் சாலில் இப்போதும் பெண்கள் குடத்தை நகர்த்தி வழிவிடுகிறார்கள். நான் பேச நின்றால் மரியாதையாகப் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

அவளைக் கடைசியாகப் பார்த்தது அந்த ஏப்ரலுக்கு அடுத்த மழைக்காலத்தில். ஒன்றாம் வகுப்பு டீச்சர் ஒருவர் திடீரென்று விலகிவிட்டார். நான் பெரிய மேடத்திடம் போய், பியானோ நான் பார்த்துக்கொள்கிறேன், அந்த இடத்துக்கு அவளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். அவருக்கும் அவளைப் பிடிக்கும். சரி என்றார், நிரந்தரமாகவே. கடிதம் போட எனக்குப் பொறுக்கவில்லை. அன்று மாலை சயானில் இறங்காமல் மாட்டுங்கா வரை போனேன். ரயிலிலிருந்து அவள் எப்போதோ காட்டிய மஞ்சள் கட்டடம். மூன்றாவது மாடி என்று சொல்லியிருந்தாள். மழையில் பாதிப் புடவை நனைந்திருந்தது. சொல்ல வேண்டிய வார்த்தைகளைப் படிதோறும் சொல்லிப் பார்த்துக்கொண்டு ஏறினேன்.

இரண்டாவது மாடி தாண்டும்போதே பாட்டுக் கேட்டது. மூடிய கதவுக்கு வெளியே நிறையச் செருப்புகள் கிடந்தன, எல்லாம் பெரியவர்களுடையவை, ஈரமாக. பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று உடனே தெரிந்துவிட்டது. படிக்கட்டுத் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் பாடிக்கொண்டிருந்தது அதே சங்கராபரணம், அதே ஐந்து கட்டை. என் இடது கை கைப்பிடிமேல் தானாக நகர்ந்தது: இங்கே சி, இங்கே டி, இங்கே வீடு. பாட்டு என் கைக்காகக் காத்திருக்கவில்லை. தம்பூரா ஒரே இடத்தில் மீட்டிக்கொண்டிருந்தது. குரல் எவ்வளவு தூரம் போனாலும் அந்த ஓசை அதன் கூடவே இருந்தது. எனக்குத் தெரிந்த மேஜர் கீயில் வீட்டைவிட்டுப் போனால்தான் வீடு திரும்ப முடியும். அவளுடைய பாட்டில் வீடு கூடவே நடந்துவந்தது. ஏழு ஸ்வரங்களும் ஒன்றுதான், இடைவெளிகளும் ஒன்றுதான், என் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் பாட்டைக் கிழித்த அதே அசையாமை இங்கே பாட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

பாட்டு முடிந்தது. உள்ளே பேச்சுக் குரல்கள், நாற்காலி நகரும் சத்தம், யாரோ பெரியவர் உரக்கச் சிரிக்கும் சத்தம். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. அவள்தான், பட்டுப்புடவையில், வழுக்கக் கூடாதென்று செருப்புகளை ஓரம் தள்ளி வைக்க வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கதவைப் பின்னால் சாத்திக்கொண்டு இரண்டு படி இறங்கி வந்தாள்.

“கணக்கு! என்னடீ இது, தொப்பமா நனைஞ்சு…”

“ஒண்ணாம் வகுப்புல இடம் இருக்கு. பர்மனென்ட். பியானோ வேண்டாம். மேடம் சரின்னுட்டாங்க” என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு திரும்பிக் கதவைப் பார்த்தாள்.

“இப்பத்தான்டீ. இப்பத்தான் சரின்னு சொன்னா. பிள்ளைக்குக் கல்கத்தாவுல வேலை. அப்பா தாம்பாளத்துல வெத்தலை எடுத்து வெச்சாச்சு.”

“உங்களுக்குப் பிடிச்சிருக்கா?”

“நல்லவனாட்டம்தான் இருக்கான். பாக்கறச்சே தலையைக் குனிஞ்சுண்டான்.” அவள் குரல் சட்டென்று மாறியது. “பிள்ளையோட அப்பா என்ன சொன்னார் தெரியுமோ? எத்தனையோ குழந்தைகள் பாடிக் கேட்டாச்சு, இந்தக் குழந்தைக்குத்தான் சுருதி இம்மிகூட அசையலைன்னார்.”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. சத்தம் உள்ளே கேட்கக் கூடாதென்று அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள், தோள்கள் குலுங்கின, மை கரைந்து கன்னத்தில் வழிந்தது. நான் என் நனைந்த முந்தானையால் அதைத் துடைத்துவிட்டேன். அது சிரிப்பாக இருக்கும்வரை சிரித்தோம். உள்ளேயிருந்து ஒரு பெண்குரல், “எங்கேடீ போனாய்? மாமா கிளம்பறார், நமஸ்காரம் பண்ணு” என்றது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். என் மணிக்கட்டை ஒருமுறை இறுகப் பிடித்தாள். போய்விட்டாள்.

நான் படியிறங்கினேன். கட்டட வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த கூர்க்கா, நான் ஏறியதைப் பார்க்கவில்லை போலிருக்கிறது, யாரைப் பார்க்க வேண்டும் என்று இந்தியில் கேட்டான்.

“பார்த்தாச்சு” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு மழையில் இறங்கி நடந்தேன்.